ஜன்னலில் நீட்டப்படும் சீட்டு

சென்னை அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலத்துக்கு அருகில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் மதிலோரமாகக் காலை வேளையில் நடந்து செல்கிறவர்கள், கோப்பொன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் இளைஞர்களையும், உள்ளே கொண்டுபோகக் கூடாத அவர்களுடைய அலைபேசிகளையும் பைகளையும் வாங்கி வைத்துக்கொண்டு சற்று ஒதுங்கி நிற்கும் தகப்பனார்களையும் மாமனார்களையும் பார்த்திருப்பார்கள். அந்த வரிசையில் நிற்கும் பலருக்கு அமெரிக்கா புதிய தேசம் அன்று. அங்கே ஐந்தாறு வருஷங்களாக உத்தியோகம் பார்த்து, வீடு பிடித்து, குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டு, தங்கையின் கல்யாணத்துக்கோ தகப்பனாரின் காரியத்துக்கோ வந்த இடத்தில், தங்கள் பேச்சுவழக்கில் ‘ஸ்டாம்பிங்’ என்று சொல்லும் அந்த ஒரு முத்திரையைப் புதுப்பித்துக்கொண்டு திரும்ப வேண்டியவர்கள் அவர்கள். உள்ளே நடக்கும் நேர்முக விசாரணை பெரும்பாலும் சில நிமிஷங்களில் முடிந்துவிடுகிறது. சிலரிடம் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, விசா அங்கீகரிக்கப்பட்டதென்று சொல்லி அனுப்புகிறார்கள். வேறு சிலருக்கு, கண்ணாடி ஜன்னலின் அடியிலுள்ள இடுக்கு வழியாக, 221(ஜி) என்ற சட்டப் பிரிவைத் தாங்கிய ஒரு துண்டுச் சீட்டு நீட்டப்படுகிறது.

அந்தச் சீட்டோடு வெளியே வருகிறவரிடம் என்ன ஆயிற்று என்று கேட்டால் அவரால் திட்டமாகப் பதில் சொல்ல இயலுவதில்லை. கிடைத்தது என்று சொல்ல வழியில்லை. கிடைக்கவில்லை என்று சொல்ல மனம் வருவதில்லை. ‘டூ ட்வென்டி ஒன் ஜி கொடுத்திருக்கிறார்கள், பிராசஸிங்கில் இருக்கிறது’ என்பார்; வீட்டிலுள்ள பெரியவர்கள் அதை, ‘கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்களாம்’ என்று உறவினருக்கு மொழிபெயர்த்துச் சொல்வார்கள். சீட்டு வெள்ளையா, மஞ்சளா, நீலமா என்று ஒருவரையொருவர் விசாரித்து, இன்ன நிறமானால் இத்தனை வாரம் என்று கணக்குப் பார்க்கும் வழக்கமும் இவர்களிடையே உண்டு. காரணம் சொல்லப்படாத இடத்தில் மனித மனம் அறிகுறிகளைத் தேடிக்கொண்டு அலைவது இயல்பே.

சட்டத்தின் பாஷையிலோ இந்த மயக்கத்துக்கு இடமே இல்லை. 1952-ஆம் ஆண்டின் குடியேற்ற, குடியுரிமைச் சட்டத்தில் 221-ஆம் பிரிவின் (ஜி) உட்பிரிவு சொல்லுவது, விசா கொடுக்கக் கூடாத சந்தர்ப்பங்களைத்தான்: விண்ணப்பத்திலிருந்தே தகுதியின்மை புலப்பட்டால் கொடுக்கக் கூடாது, விண்ணப்பம் சட்டத்துக்கும் விதிகளுக்கும் இணங்க அமையாவிட்டால் கொடுக்கக் கூடாது, தகுதியில்லை என்பதைக் கான்சல் அதிகாரி அறிந்திருந்தாலும், அவ்வாறு நம்புவதற்கு அவருக்குக் காரணம் இருந்தாலும் கொடுக்கக் கூடாது. ஆகவே, ‘இன்னும் பரிசீலனையில் உள்ளது’ என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் விண்ணப்பம், அந்தக் காரியாலயத்தின் ஏட்டில் மறுக்கப்பட்ட விண்ணப்பமே ஆகும். 2020 மார்ச் முதல், விண்ணப்பத்தின் நிலையைக் காட்டும் சர்க்காரின் இணையப் பக்கமும், முன்பு எழுதிவந்த ‘நிர்வாகப் பரிசீலனை’ என்ற சொல்லை விட்டு, ‘மறுக்கப்பட்டது’ என்ற சொல்லையே காட்டத் தொடங்கிற்று. கேட்ட தஸ்தாவேஜுகளை ஒரு வருஷத்துக்குள் கொடுத்தால் புதிய கட்டணமின்றி விண்ணப்பத்தை மறுபடி எடுத்துக்கொள்வார்கள். அதைக் கடந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தகுதியை நிரூபிக்கும் பாரமோ, அதே சட்டத்தின் 291-ஆம் பிரிவின்படி, முழுவதும் விண்ணப்பதாரரின் தோளில் இருக்கிறது.

இந்தத் தாமதத்தை ஆள் பற்றாக்குறை என்றும் கூட்ட நெரிசல் என்றும் சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அவையும் காரணங்களே. ஆனால் அவற்றுக்கு அடியில், நூறு ஆண்டுக்கு முன் நிகழ்ந்த ஒரு மாறுதல் இருக்கிறது என்பதும், அந்த மாறுதலின்போது கைநழுவிப்போன ஒன்று இன்றுவரை திரும்பக் கிடைக்கவில்லை என்பதும் என் அபிப்பிராயம்.

கான்சல் என்ற உத்தியோகஸ்தர் ஆதியில் வாயில் காப்போராக இருந்தவர் அல்லர். துறைமுகங்களில் தம் தேசத்து வணிகரின் நலத்தைக் கவனிப்பதும், கப்பல் சிதைந்து திக்கற்று நிற்கும் மாலுமிகளுக்கு உதவுவதுமே அவருடைய தொழிலாக இருந்தன. சென்னையில் 1794-ஆம் ஆண்டிலேயே வில்லியம் அபட் என்பவர் அமெரிக்காவின் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டது இந்த வர்த்தக நோக்கத்துடன்தான். அமெரிக்காவுக்குள் எவர் வரலாம், எவர் வரக் கூடாது என்ற தீர்மானம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் கரையிலேயே செய்யப்பட்டது. 1892-இல் நியூயார்க் துறைமுகத்தில் திறக்கப்பட்ட எல்லிஸ் தீவில், சந்தேகத்துக்கு இடமானவர் என்று ஒருவரை இன்ஸ்பெக்டர் நிறுத்தி வைத்தால், அவருடைய விஷயம் ‘விசேஷ விசாரணைக் குழு’ ஒன்றின் முன் செல்லும். குழுவினர் அவரை நேரில் அழைத்து விசாரிப்பார்கள், சாட்சியம் எழுதப்படும், தீர்ப்பு எதிராக வந்தால் மேலதிகாரிகளுக்கு அப்பீல் செய்துகொள்ளவும் வழி இருந்தது. அந்த விசாரணைகள் எப்போதும் நியாயமாக நடந்தன என்று நான் சொல்ல வரவில்லை. அவசரமும் இனத் துவேஷமும் அவற்றில் தாராளமாக இருந்தன. ஆயினும் தீர்ப்புச் சொல்கிறவருக்கு மேல் மற்றொருவர் இருந்தார் என்பது சிறிய விஷயம் அன்று.

முதல் உலக யுத்தம் வந்தது. ஒற்றர்களைப் பற்றிய அச்சத்தால் 1917-இல் ஓர் உத்தரவும், 1918-இல் ஒரு சட்டமும் பிறந்து, அமெரிக்காவுக்குப் பிரயாணம் செய்கிறவர்கள் புறப்படுமுன்னரே கான்சலிடம் விசா பெற வேண்டும் என்ற நிபந்தனை ஏற்பட்டது. யுத்தம் ஓய்ந்தது, நிபந்தனை ஓயவில்லை. 1921-இல், ஒவ்வொரு தேசத்திலிருந்தும் இத்தனை பேர்தான் வரலாம் என்று அளவு வகுத்தார்கள். அந்த அளவு மாதவாரியாகவும் கணக்கிடப்பட்டதால், மாதத்தின் முதல் தேதி பிறக்கும் நள்ளிரவில் நியூயார்க் துறைமுகத்துக்குள் முந்தி நுழைவதற்குக் கப்பல்கள் ஒன்றோடொன்று பந்தயமிட்டன. பிந்தி வந்த கப்பலில் இருந்தவர்கள், வீட்டையும் நிலத்தையும் விற்றுப் பிரயாணச் செலவு திரட்டிக்கொண்டு அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து வந்தவர்கள், கரையைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இந்தத் துயரத்துக்குப் பரிகாரம் காண்பதையும் ஒரு நோக்கமாகச் சொல்லியே 1924-ஆம் ஆண்டின் சட்டம், தகுதியை ஆராய்வதையும் எண்ணிக்கையைக் கணக்கிடுவதையும் வெளிநாட்டிலுள்ள கான்சல்களின் கைக்கு மாற்றிற்று. கடலைக் கடந்த பின் ஏமாறுவதைவிட, சொந்த ஊரிலேயே உண்டு இல்லை என்று தெரிந்துகொள்வது மேல் அல்லவா? அந்த அளவில் இது கருணையோடு கூடிய ஏற்பாடுதான்.

ஆனால் வாயிலைப் பெயர்த்துக் கொண்டுபோய்க் கடலுக்கு அப்பால் வைத்தவர்கள், அதனோடு இருந்த விசாரணைக் குழுவையும் அப்பீலையும் எடுத்துச் செல்லவில்லை. கரையில் நிறுத்தப்பட்டவருக்குக் கிடைத்த விசாரணை, கான்சலின் ஜன்னலில் நிறுத்தப்பட்டவருக்கு இல்லாமற் போயிற்று. இந்தியருக்கு அக்காலத்தில் இந்த வேற்றுமை ஒரு பொருட்டாக இருந்திராது. 1917-ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியோடு சேர்த்து நம்மையும் அடியோடு விலக்கி வைத்திருந்தது. 1946-இல் வருஷத்துக்கு 100 பேர் என்று ஒரு கதவிடுக்கு திறந்தது. 1965-இல்தான் கதவு உண்மையாகத் திறந்தது.

1952-ஆம் ஆண்டுச் சட்டம் கான்சலின் அதிகாரத்தை இன்னும் இறுக்கமாகக் கட்டிவைத்தது. அச்சட்டத்தின் 104-ஆம் பிரிவு வெளிநாட்டு மந்திரியின் அதிகாரங்களை விவரிக்கும் இடத்தில், விசா கொடுப்பது, மறுப்பது என்ற கான்சல் அதிகாரியின் அதிகாரத்தை மட்டும் அவற்றினின்று விலக்கி வைக்கிறது. ஒரு பெரிய வல்லரசின் வெளிநாட்டு மந்திரி, தம் இலாகாவின் இளநிலை அதிகாரி ஒருவர் தனிப்பட்ட விண்ணப்பத்தின்மேல் செய்த முடிவை நேராக மாற்ற இயலாது என்பது, முதன்முறை படிக்கிறவருக்கு வியப்பாகவே இருக்கும். செல்வாக்குள்ளவர்களின் சிபாரிசு நுழைந்துவிடக் கூடாது என்று இதற்கு ஒரு நியாயம் சொல்லலாம். ஆயினும் சிபாரிசுக்கு அடைத்த கதவு முறையீட்டுக்கும் அடைத்துப்போயிற்று. பிரஸிடெண்ட் ட்ரூமன் அந்தச் சட்டத்துக்குச் சம்மதம் கொடுக்க மறுத்தார். காங்கிரஸ் அவருடைய மறுப்பையும் மீறி நிறைவேற்றியது. உடனே அவர் அமைத்த, பிலிப் பெர்ல்மன் தலைமையிலான கமிஷன், 1953 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில், விசா மறுக்கப்பட்டவருக்கு மேல்முறையீடு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1989-இல் அமெரிக்க நிர்வாக மகாசபையும் கான்சல்களின் மறுப்புகளை மறுபரிசீலனை செய்யும் முறை வேண்டுமென்று யோசனை கூறிற்று. இரண்டும் ஏட்டோடு நின்றன. மேலதிகாரி ஒருவர் மறுப்புகளைப் பார்வையிட வேண்டும் என்ற உள்விதி மட்டும் உண்டு; அந்தப் பார்வையில் விண்ணப்பதாரருக்குப் பங்கு இல்லை.

நீதிமன்றங்களின் கதை இதைவிடச் சுருக்கமானது. கான்சலின் முடிவை நீதிமன்றம் பரிசீலிக்காது என்ற கொள்கை 1920-களிலிருந்து வேர்விட்டு, 1950-இல், அமெரிக்கப் போர்வீரரை மணந்த ஜெர்மன் பெண்ணான எல்லன் நாஃப் என்பவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் ஆதரவைப் பெற்றது. ரகசியத் தகவலை ஆதாரமாகக் காட்டி, விசாரணையின்றி அவரை எல்லிஸ் தீவில் நிறுத்தி, நாட்டுக்குள் விடாதது செல்லும் என்று கோர்ட் தீர்மானித்தது. பிறகு பொதுஜன அபிப்பிராயத்தின் நிர்ப்பந்தத்தால் விசாரணை நடந்து, அந்த ரகசியத் தகவல் நிற்கவில்லை. 1951-இல் அவர் உள்ளே அனுமதிக்கப்பட்டார். காரணத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் அது கரைந்துபோகக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிந்த உதாரணம் எனக்குத் தெரியாது. எனினும் நிலைத்தது அவருடைய அனுபவம் அன்று, அவருக்கு எதிரான தீர்ப்பே. 1972-இல் எர்னஸ்ட் மாண்டல் வழக்கு, 2015-இல் ஃபௌஸியா டின் வழக்கு, 2024 ஜூனில் சாண்ட்ரா மூன்யோஸ் வழக்கு என்று அக்கொள்கை மேலும் மேலும் உறுதிப்பட்டே வந்திருக்கிறது. கடைசியாகச் சொன்ன வழக்கில், அமெரிக்கப் பிரஜையான மனைவி, ஸான் ஸால்வடோர் நகரத்திலிருந்த தம் கணவருக்கு ஏன் விசா மறுக்கப்பட்டதென்று அறிவதற்கே வழக்காடி, மறுப்புக்குப் பின் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. உடம்பில் குத்தியிருந்த பச்சையைக் கொண்டு கணவரை ஒரு குற்றக் கூட்டத்தைச் சேர்ந்தவராகச் சந்தேகித்தார்கள் என்று பின்னர் தெரியவந்தது. கணவரோடு வாழும் உரிமைக்காக அந்த முடிவை எதிர்க்க மனைவிக்கு இடமில்லை என்று கோர்ட் பெரும்பான்மையால் முடிவு செய்தது. பிரஜையின் நிலையே இதுவென்றால், அயல்நாட்டு உத்தியோகஸ்தரின் நிலையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டுவதில்லை.

இனி, உழைப்பு விசாவுக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். சுற்றுலாப் பிரயாணி ஒரே வாயிலைக் கடக்கிறார்; எச்-1பி என்னும் விசாவுக்கு வருகிறவரோ இரண்டு வாயில்களைக் கடக்க வேண்டியவர். 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்றைய வடிவைப் பெற்ற இந்த விசாவுக்கு வருஷத்துக்கு 65,000 என்று வரம்பு. 1998, 2000 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் அது 1,15,000 என்றும் 1,95,000 என்றும் உயர்ந்து, 2004-ஆம் நிதியாண்டில் மீண்டும் 65,000-க்கே இறங்கிற்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கு மேலும் 20,000 பின்னர் சேர்க்கப்பட்டது. முதலில் வேலை கொடுக்கும் கம்பெனி, ஊதியத்தைப் பற்றிய உறுதிமொழியைத் தொழில் இலாகாவில் பதிந்து, பிறகு குடியேற்றச் சேவைத் துறைக்கு மனுச் செய்கிறது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட அந்த மனு அங்கே ஆராயப்பட்டு அங்கீகாரம் பெற்ற பிறகே, உத்தியோகஸ்தர் கான்சலின் ஜன்னலுக்கு வருகிறார். ஓர் இலாகா ஆராய்ந்து ஒப்புக்கொண்ட விஷயத்தையே மற்றோர் இலாகா சில நிமிஷங்களில் சந்தேகித்துச் சீட்டு நீட்டும்போது, அந்தச் சந்தேகத்துக்கு விடை சொல்ல வேண்டியவர் இரண்டு இலாகாக்களுக்கும் நடுவில் தனியாக நிற்கும் மனிதராகிவிடுகிறார்.

சீட்டில் கேட்கப்படும் தஸ்தாவேஜுகளைப் பார்த்தால் இந்தச் சங்கடத்தின் உள்ளீடு விளங்கும். கணினித் துறையில் வழங்கும் ஏற்பாடு இது: வேலைக்கு வைத்துக்கொண்ட கம்பெனி ஒன்று; அதனிடமிருந்து ஆட்களைப் பெற்றுத் தரும் இடைக் கம்பெனி ஒன்று, சில சமயம் இரண்டு; கடைசியில் வேலை நடக்கும் வங்கியோ மருத்துவக் காப்பீட்டு ஸ்தாபனமோ. இந்தக் கடைசி இடத்தைத்தான் ‘எண்ட் கிளையண்ட்’ என்கிறார்கள். சம்பளம் கொடுக்கிறவர் ஒருவர், வேலை வாங்குகிறவர் வேறொருவர் என்றால் உண்மையான எஜமானர் யார் என்ற கேள்வியைக் குடியேற்றத் துறை 2010 ஜனவரியில் ஒரு சுற்றறிக்கையால் கூர்மையாக எழுப்பிற்று. போலிக் கம்பெனிகள் இல்லாத வேலைக்கு ஆள் கொண்டுவந்து, வந்தவர்களைச் சம்பளமின்றி வைத்திருந்த கொடுமைகள் நடந்ததுண்டு. ஆகவே கேள்வி அநியாயமானதென்று சொல்ல முடியாது. ஆனால் அதன் விளைவாகச் சீட்டில் ஏறும் கோரிக்கைகள் எவை? எண்ட் கிளையண்டிடமிருந்து, இன்னார் இன்ன வேலையை இன்ன தேதிவரை இங்கே செய்வார் என்று உறுதி கூறும் கடிதம். கம்பெனிகளுக்கிடையே உள்ள ஒப்பந்தம். கம்பெனியின் வருமான வரிக் கணக்கு. ஊழியர்களின் பட்டியலும் அவர்களுக்குக் கொடுத்த சம்பளமும். இவற்றில் ஒன்றுகூட விண்ணப்பதாரரின் சுவாதீனத்தில் உள்ளதன்று. வங்கியைப் பொறுத்தவரையில் அவர் அதன் ஊழியரே அல்லர். கடிதம் கொடுக்க அதற்குக் கடமை இல்லை. கடிதம் கொடுத்தால் அவருக்குத் தானே எஜமானர் என்று சட்டம் சொல்லிவிடுமோ என்ற அச்சமும் அதன் வக்கீல்களுக்கு உண்டு. இடைக் கம்பெனியோ தன் ஒப்பந்தத்தில் எழுதிய தொகையை வெளியே காட்ட விரும்பாது. நிரூபிக்கும் பாரத்தைச் சட்டம் ஒருவர்மேல் வைக்க, நிரூபணங்களோ மூன்று அந்நியர்களின் அலமாரிகளில் கிடக்கின்றன. சென்னையில் தம் மாமனார் வீட்டு மாடியில், அமெரிக்கக் காரியாலயங்கள் திறந்திருக்கும் நேரத்துக்காக இரவெல்லாம் விழித்திருந்து, யார் யாரையோ கடிதத்துக்காகக் கெஞ்சிக்கொண்டிருக்கும் மனிதரை அவருடைய அறியாமைக்காகவோ சோம்பலுக்காகவோ குறை கூற முடியாது.

இது ஒரு வகைத் தாமதம்; கேட்டது என்ன என்றாவது தெரிகிறது. மற்றொரு வகையில் ஒன்றுமே கேட்கப்படுவதில்லை. சீட்டில் எந்தத் தஸ்தாவேஜும் குறிக்கப்படாது. பொறுத்திருக்க வேண்டும் என்பது மட்டும் இருக்கும். அமெரிக்கச் சர்க்கார், அணுசக்தி, ஏவுகணை, ரசாயனம், உயிரியல், உயர்தரக் கணினி முதலிய துறைகளை அடக்கிய ‘தொழில்நுட்ப எச்சரிக்கைப் பட்டியல்’ ஒன்றை வைத்திருக்கிறது. விண்ணப்பதாரரின் படிப்போ தொழிலோ அதனோடு சம்பந்தப்பட்டதாகத் தோன்றினால், ‘விசாஸ் மாண்டிஸ்’ என்னும் பெயரால் விஷயம் வாஷிங்டனுக்கு அனுப்பப்பட்டுப் பல இலாகாக்களின் அபிப்பிராயம் கோரப்படுகிறது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் இந்தச் சோதனை மிகவும் பெருகிற்று. அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை ஸ்தாபனம் 2004 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வில், 2003-ஆம் ஆண்டின் ஏப்ரல் முதல் ஜூன் வரை விண்ணப்பித்த விஞ்ஞான மாணவர்களுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் இந்தச் சோதனை முடிந்து விடை வருவதற்குச் சராசரி 67 நாட்கள் ஆயின என்று கண்டது. கண்ட காரணங்களே முக்கியமானவை: இலாகாக்களின் கணினி ஏற்பாடுகள் ஒன்றோடொன்று பேசவில்லை, அனுப்பிய விண்ணப்பங்கள் நடுவழியில் காணாமற் போயின, எந்த விண்ணப்பத்தைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், எதை அனுப்ப வேண்டாம் என்று கான்சல் அதிகாரிகளுக்கே தெளிவில்லை. அந்த 67 நாட்களில் ஒரு பகுதியிலேனும் எவரும் எதையும் பரிசீலித்துக்கொண்டிருக்கவில்லை என்றுதான் இதற்குப் பொருள். பிறகு தனிக் குழு அமைத்து, அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து, கணினிகளை இணைத்ததும், 2004 நவம்பரில் அது ஏறத்தாழ 15 நாட்களாகக் குறைந்ததென்று அதே ஸ்தாபனம் 2005-இல் தெரிவித்தது. ஒருமுறை பெற்ற அனுமதி உத்தியோகஸ்தருக்கு 2 ஆண்டுகள் வரையில் செல்லும் என்ற சலுகையும் வந்தது. தேசத்தின் பாதுகாப்பு இதனால் குறைந்துவிடவில்லை. ஆகவே தாமதம் மழையும் வெயிலும் போல் தானாக வருவது என்ற எண்ணத்தை நாம் விட்டுவிட வேண்டும். அதைக் குறைக்க மனம் வந்தபோது குறைத்திருக்கிறார்கள்.

இந்தச் சந்தேகம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதைச் சென்னையே கண்டிருக்கிறது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராக இருந்தவரும், சர்வதேச விஞ்ஞானக் கவுன்சிலின் அப்போதைய தலைவருமான ரசாயன அறிஞர் கோவர்தன் மேத்தா, புளோரிடா பல்கலைக்கழகத்தின் அழைப்பின் பேரில் 2006 பிப்ரவரியில் சென்னையில் விசாவுக்கு விண்ணப்பித்தார். பல தடவை அமெரிக்கா சென்று வந்த அவரிடம், அவருடைய ரசாயன ஆராய்ச்சி தீய காரியங்களுக்குப் பயன்படக்கூடியதா என்ற சந்தேகத்தோடு கேள்விகள் கேட்கப்பட்டு, விசா கொடுக்கப்படவில்லை. இரு நாட்டு விஞ்ஞானிகளிடையேயும் இதனால் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. அமெரிக்கத் தூதரகம் வருத்தம் தெரிவித்தது. விசாவும் பின்னர் வழங்கப்பட்டது. உலகப் புகழ் பெற்ற ஒருவருக்குப் பத்திரிகைகள் குரல் கொடுத்தன. கோயம்புத்தூரிலோ திருநெல்வேலியிலோ பொறியியல் படித்துவிட்டு வந்த ஒருவருக்கு அதே ஜன்னலில் அதே சந்தேகம் நேரும்போது, அதை எழுதப் பத்திரிகை ஏது?

அமெரிக்காவிலேயே வேலை பார்க்கிறவர் அங்கேயே விசாவைப் புதுப்பித்துக்கொள்ளலாகாதா என்று வாசகர்கள் கேட்கலாம். முன்பு அது இயன்றது. பாஸ்போர்ட்டைத் தபாலில் வெளிநாட்டு இலாகாவுக்கு அனுப்பிப் புதுப்பித்துக்கொண்டார்கள். விசா கோருகிறவரின் கைரேகையைப் பதிய வேண்டுமென்ற சட்டம் வந்ததும், 2004 ஜூலையில் அந்த வழி அடைக்கப்பட்டது. தங்கி வேலை செய்யும் அனுமதி வேறு, எல்லையைக் கடந்து வரும் விசா வேறு என்பதால், முத்திரை காலாவதியானவர் அமெரிக்காவுக்குள் இருக்கும்வரை குற்றமற்றவர். வெளியே காலெடுத்து வைத்தால் புதிய முத்திரையின்றித் திரும்ப இயலாதவர். தாயின் மரணச் செய்தி வந்த இரவில் விமானம் ஏறலாமா வேண்டாமா என்று யோசித்து நிற்கும் மகன் இந்த ஏற்பாட்டின் சிருஷ்டி. ஏறினால், இங்கே சீட்டு நீட்டப்பட்டுவிடுமானால், அங்கே வேலை போகலாம்; ஏறாவிட்டால் கொள்ளி வைக்க வேறொருவரைத் தேட வேண்டும். 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உள்நாட்டிலேயே புதுப்பிக்கும் முறையை 20,000 பேர் வரையில் சோதனையாக நடத்திப் பார்த்தார்கள். அது நிரந்தரமாகவில்லை.

சீட்டு நீட்டப்பட்டவரின் குடும்பத்துக்கு என்ன நேருகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வாடிக்கைக்காரரின் தகவல்கள் தேசத்தைவிட்டு வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனை பல வேலைகளில் இருப்பதால், இங்கிருந்தபடியே வேலையைத் தொடர்வது எல்லாருக்கும் இயலுவதில்லை. விடுமுறை தீர்ந்ததும் சம்பளம் நிற்கிறது. அங்கே பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு வாடகை நிற்பதில்லை. கார்க் கடனும் நிற்பதில்லை. மனைவியின் விசா கணவரின் விசாவைப் பற்றிக்கொண்டு நிற்பது. ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும். அங்கே பிறந்த குழந்தையோ அமெரிக்கப் பிரஜை. நாளைக்கே விமானம் ஏறிச் செல்ல அதற்கு உரிமை உண்டு, அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு இல்லை. ஒரே குடும்பத்தின் பாஸ்போர்ட்டுகளில் குழந்தையினுடையதற்கு மட்டும் எந்த முத்திரையும் தேவைப்படாமல், பள்ளி திறக்கும் நாள் கடந்து போய்க்கொண்டிருக்கும்.

காரணம் சொல்லவும் காலவரை வைக்கவும் எந்தத் தேசத்தாலும் இயலாது என்பது உண்மையானால் நாம் மௌனமாக இருக்கலாம். உண்மை அப்படியில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் இயற்றிய விசா விதித்தொகுப்பின்படி, குறுகிய காலத் தங்கலுக்கான விண்ணப்பத்தை 15 நாட்களில் முடிவு செய்ய வேண்டும். விசேஷ சந்தர்ப்பங்களில் 45 நாட்கள் வரை நீட்டலாம். மறுத்தால், அச்சிட்ட படிவத்தில் காரணத்தைக் குறித்துக் கொடுக்க வேண்டும். அப்பீல் செய்யும் உரிமையும் உண்டு. உயர்தகுதி உத்தியோகஸ்தர்களுக்கான ‘நீல அட்டை’ விஷயத்தில் 90 நாட்கள் என்று வரம்பு இருக்கிறது. மொராக்கோ நாட்டவர் ஒருவருக்கு ரபாத் நகரத்திலிருந்த போலந்துக் கான்சல் விசா மறுத்தபோது, அந்நாட்டுச் சட்டம் அதை எதிர்த்து நீதிமன்றம் செல்ல இடங்கொடுக்கவில்லை. எல் ஹஸானி வழக்கு என்று அறியப்படும் அதில், நீதிமன்றத்தின் பரிசீலனை ஏதேனும் ஒரு கட்டத்தில் கிடைத்தே தீர வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அந்த விதிகளும் மீறப்படுவதுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் மீறுவதற்கு ஒரு விதியேனும் இருக்கிறது. மீறியதென்று சுட்டிக் காட்ட ஒரு சபை இருக்கிறது.

அமெரிக்காவில் இதற்கு ஈடாக ஒன்று உண்டு. 1946-ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டம், அரசாங்க இலாகாக்கள் தம் முன் வந்த விஷயத்தை நியாயமான காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது. அநியாயமாகத் தாமதித்ததைச் செய்யும்படி கட்டளையிட நீதிமன்றங்களுக்கு அதிகாரம் தருகிறது. ‘விசா கொடு’ என்று கேட்காமல் ‘ஏதேனும் ஒரு முடிவு சொல்’ என்று மட்டும் கேட்கும் வழக்குகளை இந்தச் சட்டத்தின் துணையோடு பலர் தொடுத்தார்கள். சிலவற்றில், வழக்குப் பதிவானதும் முடிவும் வந்தது. எவ்வளவு காலம் அநியாயமான காலம் என்று அளக்க, வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1984-இல் வகுத்த ஆறு அளவுகோல்களை நீதிபதிகள் கையாண்டனர். ஆனால் அதே நீதிமன்றம், 2024-ஆம் ஆண்டில் கரிமோவா என்பவரின் வழக்கில், 221(ஜி) சீட்டு கொடுத்ததோடு கான்சல் தம் கடமையை முடித்துவிட்டார், மறுப்பே முடிவு, அதற்குமேல் பரிசீலிக்கும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்ற கருத்தை ஏற்றுக்கொண்டது. ஜன்னலில் ‘பொறுத்திருங்கள்’ என்று பொருள்பட நீட்டப்படும் சீட்டு, நீதிமன்றத்துக்குப் போனால் ‘முடிந்துவிட்டது’ என்று வாசிக்கப்படுகிறது. இரண்டில் எது மெய்யோ அதை அந்த ஜன்னலிலேயே சொல்லிவிட்டால், அவர் வீட்டைக் காலி செய்வதா, வேறு வேலை தேடுவதா என்றேனும் முடிவு செய்துகொள்வார்.

2025-ஆம் ஆண்டு இந்த வாயிலை மேலும் குறுக்கியிருக்கிறது. நேர்முகமின்றிப் பெட்டியில் பாஸ்போர்ட்டைப் போட்டுப் புதுப்பிக்கும் சலுகை செப்டம்பரில் பெரும்பாலோருக்கு நின்றது. அதே மாதத்தில், அண்டை நாடொன்றுக்குப் போய் முத்திரை பெறும் வழியும் அடைபட்டு, சொந்தத் தேசத்திலோ வசிக்கும் தேசத்திலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்றாயிற்று. புதிய மனு ஒன்றுக்கு 1,00,000 டாலர் என்ற பிரகடனமும் வந்தது. டிசம்பர் 15 முதல் எச்-1பி விண்ணப்பதாரர்களும் அவர்களைச் சார்ந்தவர்களும் சமூக ஊடகங்களில் எழுதியவற்றையெல்லாம் அதிகாரிகள் பார்வையிடும்படி திறந்து வைக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. இந்தியாவில் டிசம்பரில் நேர்முகத்துக்கு நாள் குறிக்கப்பட்டிருந்தவர்களில் பலருடைய நாட்கள் சில மாதங்கள் தள்ளிப் போடப்பட்டன. கல்யாணத்துக்கு இரண்டு வார விடுமுறையில் வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

சீட்டுப் பெற்றவர்களில் பலருக்குக் கடைசியில் விசா கிடைக்கத்தான் செய்கிறது. ஒரு நாள் இணையப் பக்கத்திலுள்ள சொல் மாறியிருக்கும். பாஸ்போர்ட்டைக் கொண்டுவரும்படி செய்தி வரும். இரண்டொரு நாளில் அது திரும்பக் கையில் வரும். இடையில் கழிந்த வாரங்களில் யார் எதை ஆராய்ந்தார்கள், எந்தச் சந்தேகம் எதனால் தீர்ந்தது என்று ஒரு வரியும் அதனோடு வருவதில்லை. ஒட்டப்பட்ட விசாத் தாளில் பெயர் இருக்கும், பிறந்த தேதி இருக்கும், கம்பெனியின் பெயர் இருக்கும், விசா வழங்கிய தேதியும் முடியும் தேதியும் இருக்கும். விண்ணப்பித்த தேதிக்கு அதில் இடம் இல்லை.